யார் கேட்டாலும் தெரியாது

கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. கொழும்பின் பெரிய மனிதர்கள் பலருடைய சிறுநீரை எனக்கு நன்றாகத் தெரியும், முகம்தான் தெரியாது. குழாயில் பெயர் எழுதி ஒட்டுவது, ஒட்டியதைச் சரிபார்ப்பது, சரிபார்த்ததை இன்னொரு முறை சரிபார்ப்பது என்று வருடங்கள் போனதில் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் சமையலறையில் சீனிப் போத்தலில் சீனி என்று எழுதியிருக்கும். உப்புப் போத்தலில் உப்பு என்று எழுதியிருக்கும். படுக்கப்போகுமுன் நாட்குறிப்பில் அன்றைய வானிலை, அன்று பழுதான பொருள், அன்று வந்தவர் போனவர் என்று சில வரிகள் எழுதுவேன். இப்படிப்பட்ட ஒருத்திக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை வேண்டும் என்று இருந்தது. நாற்பது தாண்டியும் அந்த எண்ணம் போகவில்லை. ஆகவே எடுத்து வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் தன்னுடைய சனிக்கிழமை இரவில், அதாவது என்னுடைய ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தொலைபேசி எடுப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரோ? பிள்ளை வேணுமெண்டா கலியாணம் கட்டு. இஞ்ச ஒருத்தர் இருக்கிறார். மனுசி செத்துப்போச்சு. ரெண்டு பொடியள்."

நான் கேட்டது ஒரு பிள்ளை. அண்ணன் தர இருந்தது இரண்டு பிள்ளைகள், ஒரு கணவர், ஆறு மாதப் பனி. வேண்டாம் என்றேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, என்ன ஆக்களின் பிள்ளை, அதாவது என்ன சாதி, என்றாவது விசாரித்தாயா என்று கேட்டார்.

"நாலு வயசு ஆக்கள்," என்றேன்.

அந்தக் காலத்துத் தொலைபேசி இணைப்பு நல்ல இடமாகப் பார்த்துத்தான் அறும். அறுந்தது.

பிள்ளை கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு இல்லத்தில் இருந்தாள். தாய் முகத்துவாரத்தில் வீட்டு வேலை செய்தவர், காய்ச்சலில் இறந்துபோனார். தகப்பன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. நான் அவளைப் பார்க்கப் போன அன்று உண்மையில் அவள்தான் என்னைப் பார்த்தாள். என் கைப்பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். உங்க வீட்ல ஃபேன் இருக்கா? இருக்கிறது. நாய்? இல்லை. பேய்? இதுவரை இல்லை. "அப்ப சரி" என்று சொல்லிப் பையை மூடித் தந்தாள். ஆய்வுகூடத்தில் என்னை வேலைக்கு எடுத்தபோது நடந்த நேர்முகத் தேர்வுகூட இவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை.

"இது பெரிய வாயாடி, மிஸ். நல்லா யோசிச்சுக்கொள்ளுங்க," என்றார் இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர்.

யோசித்தாகிவிட்டது என்றேன்.

சட்டத்தில் இதற்கு மகவேற்பு என்று பெயர். பெயர் கம்பீரமாக இருக்கும். நடைமுறை அப்படி இராது. முதலில் பிள்ளையைப் பரீட்சார்த்தமாக என்னோடு அனுப்புவார்கள். சில மாதங்களுக்கு ஒரு நன்னடத்தை உத்தியோகத்தர் எங்களை மேற்பார்வை செய்வார். முன்னறிவித்தல் இல்லாமல் வீட்டுக்கு வருவார், அயலவரை விசாரிப்பார், அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையை வைத்துத்தான் நீதிமன்றம் கட்டளை தரும். அதுவரைக்கும் பிள்ளை எனக்கு நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம்.

பிள்ளையோடு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்த மறுநாளே பொலிஸ் பதிவுக்குப் போனேன். அது யுத்த காலம், கொழும்பில் தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். சார்ஜன்ட் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிள்ளையின் தலைகூட மேசை மட்டத்துக்கு வரவில்லை. என்ன உறவு என்று கேட்டார். நீதிமன்றம் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அப்படி ஒரு உறவு அவரிடம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு விருந்தாளி என்று எழுதினார். கொழும்புக்கு வந்த நோக்கம் என்ன என்று அடுத்த கேள்வி. பிறந்ததே இங்கேதான் என்றேன். பிறப்பதற்காக வந்தவள் என்று எழுதுவாரோ என்று பயந்தேன். நல்லகாலம், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்.

நான் இருந்தது ஒரு மாடி அனெக்ஸ். கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருந்தார். கணவர் இல்லை, மகன்மார் வெளிநாட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவருக்குத் தெரிந்த சிங்களம் ஒரே ஒரு வசனம்தான். "தன்னே நே." அதாவது, தெரியாது. அந்த ஒரு வசனத்தைத் தெற்கே மாத்தறையில் பிறந்த சிங்களவர் மாதிரிப் பிழையில்லாமல் சொல்வார்.

அந்த வசனம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. எங்கள் ஒழுங்கையே, அந்தச் சின்னத் தெரு முழுவதுமே, அதில்தான் நடந்தது. சில வருடங்களுக்கு முன், சிவில் உடுப்பில் வந்த இரண்டு பேர் கடைசி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த பொடியனைப் பற்றி மரியாதையாக விசாரித்திருக்கிறார்கள். முன்வீட்டில் இருந்த நல்ல மனிதர் ஒருவர், ஓம், மேலேதான் இருக்கிறார், வாருங்கள், இருங்கள் என்று தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார். பொடியன் அவர்களோடு போனான். பிறகு அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. இம்முறை அது உண்மை. அந்த நல்ல மனிதர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு, கையில் ஃபைலோடு யாராவது வந்து, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீடே இராது.

நான் வேலைக்குப் போகும்போது பிள்ளையை மொண்டிசோரியில் விடுவேன். மதியம் அக்கா கூட்டிக்கொண்டு வந்து நான் வரும்வரை வைத்திருப்பார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. அக்கா அவளுடைய "ஆமா"வை யாழ்ப்பாணத்து "ஓம்" ஆக்குவதில் ஈடுபட்டிருந்தார். அவள் அக்காவின் பிஸ்கட் டின்னைக் காலியாக்குவதில் ஈடுபட்டிருந்தாள். அக்காவை அன்ரி என்று கூப்பிட்டாள். என்னைக் கூப்பிட்டது மிஸ் என்று. இல்லத்துக்கு வரும் பெண்களில் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சிஸ்டர், மற்றவர்கள் எல்லோரும் மிஸ். "மிஸ், எனக்குப் பசிக்குது." "மிஸ், முதுகு கடிக்குது." ஒருநாள் தூக்கத்தில் பயந்து அழுதபோதுகூட "மிஸ், மிஸ்" என்றுதான் அழுதாள்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "என்ன பிள்ளை இது, பள்ளிக்கூடம் மாதிரி? அம்மா எண்டு சொல்லப் பழக்கு."

அவளுக்கு விருப்பமானதைச் சொல்லட்டும், நான் சீனிப் போத்தல் இல்லை, என்மேல் பெயர் எழுதி ஒட்டத் தேவையில்லை என்று சொன்னேன். நல்ல பதில்தான். சொல்லிவிட்டு மேலே போய், அன்று ஏற்கனவே துடைத்த அலுமாரியை இன்னொரு முறை துடைத்தேன்.

இரண்டு மாதம் அளவில் ஒரு மாலை நான் வேலையால் வந்து கேற்றைத் திறக்கையில் அக்கா வாசலில் காத்துக்கொண்டு நின்றார். முகத்தில் பெரிய வெற்றி ஒன்று தெரிந்தது.

"பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாதை. நான் சமாளிச்சுப்போட்டன்."

"என்னத்தை அக்கா?"

"ஒரு பொம்பிளை வந்தவ. கையில ஃபைல். மண்ணிறக் குடை. பயத்திலை முகத்தை நான் வடிவாப் பாக்கேல்லை. ஏதோ கார்ட்டும் காட்டினவ. சீஐடி எண்டா கார்ட் காட்டுவினம்தானே? மேல நோனா, பிள்ளை, அப்பிடி இப்பிடியெண்டு அரைகுறைத் தமிழிலை கேட்டவ. மேல ஒரு மனுசி தனிய இருக்கிறா, பிள்ளை குட்டி ஒண்டும் இல்லையெண்டிட்டன். மற்றதெல்லாத்துக்கும் தன்னே நே."

பிள்ளையைக் குளியலறையில் பிஸ்கட்டோடு இருத்தியிருந்தாராம். வாசலில் கிடந்த சின்னச் செருப்புகளை ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டாராம். அந்த வாளி யோசனையைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல்லகாலம் அக்கா என்று நன்றி சொன்னேன். பிறகு சாமான் வாங்கப் போனபோது சந்திக் கடைக்கார நானாவும், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் பொய்யும் விரிவாக வந்திருந்தது. "மேல் வூடு காலி, அந்த மிஸ் இந்தியாவுக்குப் போயிட்டாங்க எண்டு செல்லிட்டன், தங்கச்சி. நீங்க பயப்பட வாணாம்."

அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது: மழை இல்லை. குளியலறை வாளியின் கைப்பிடி உடைவு. சீஐடி வந்து போனது. அக்காவும் நானாவும் பெரிய உதவி.

ஐந்தாறு நாட்களில் நன்னடத்தைக் காரியாலயத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். என் வயதுதான் இருக்கும். கதிரையின் முதுகில் ஒரு மண்ணிறக் குடை தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. இருக்கச் சொல்லுமுன்பே இருந்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். "ஒருவர் பிள்ளையே இல்லை என்கிறார். இன்னொருவர் நீங்களே இல்லை என்கிறார். நான் யாரைப் பற்றி அறிக்கை எழுதுவது?"

பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள், நாளைக்கே கூட்டிவந்து காட்டுகிறேன் என்றேன். காட்டுவதற்கு ஒரு பிள்ளையை ஒரு காலைக்கு இரவல் வாங்கலாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மகள் என்று சொல்லி இல்லங்களிலிருந்து எடுத்துப்போன பிள்ளைகள், வேறு வீடுகளின் பின்பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்ததை அவர் கண்டிருக்கிறார். இப்படி மறைக்கிற அயலை இதுவரை காணவில்லை என்றார்.

அவர்கள் எதற்காக மறைத்தார்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் என் சிங்களம் ஆய்வுகூடத்துச் சிங்களம். காலைச் சிறுநீர், வெறும் வயிறு, கையை இறுக்கிப் பொத்துங்கள், இந்த இடத்தில் பஞ்சைப் பிடியுங்கள். ஒரு ஒழுங்கை முழுவதும் ஏன் பொய் சொல்கிறது என்பதற்கு அதில் சொற்கள் இல்லை. பயம், நல்ல மனிதர்கள், பயம் என்று மூன்று சொற்களை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னொரு முறை வருவதாகச் சொன்னார். எப்போது என்று சொல்ல மாட்டார். அப்போதும் திருப்தியில்லாவிட்டால், நீதிமன்றத் தவணை வரும்வரை பிள்ளை கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே போன பிள்ளை மறுபடி வருமா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவருடைய வெற்றி முகத்திலிருந்து வடிந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவாகக் கேட்டார்.

"அப்ப நான் இனி உண்மை சொல்லவேணும். ஆருக்கு? எல்லாருக்குமோ?"

"அவவுக்கு மட்டும், அக்கா."

"நாளைக்கு வேற ஒருத்தி அதே மாதிரி ஃபைலோட வந்து நிண்டா?"

கடைசியில் மண்ணிறக் குடை என்று ஒரு அடையாளம் முடிவானது. மண்ணிறக் குடைக்கு உண்மை. மற்றவர்களுக்குத் தன்னே நே. இரண்டு நாள் கழித்து மண்ணிறக் குடையோடு காப்புறுதி விற்கிற ஒரு பெண் வந்தாள். அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தி, என்னைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் தொடக்கம் முதல் சொல்லி, பலகாரமும் கொடுத்து, முடிவில் தன் உயிருக்குக் காப்புறுதியும் எடுத்துக்கொண்டார்.

நானா அவ்வளவு சுலபமாக வரவில்லை. அவர் விஷயத்தைச் சட்டப்படி பார்த்தார். "முதல்ல பொய் செல்லினா அது ஒரு பேச்சு, தங்கச்சி. யாரும் கணக்கெடுக்க மாட்டாங்க. பொறகு நானே போய் உண்மையச் செல்லினா, முதல்ல செல்லினது பொய்யெண்டு ஆகிப்போகும். குத்தம் அங்கதான் ஈக்கிது." இந்த நாட்டில் எத்தனையோ வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் இவர்தான். யோசிக்கிறேன் என்று சொல்லி எனக்குப் பருப்பு நிறுத்துத் தந்தார்.

எல்லோரிடமும் பேசிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு ஆளிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

உத்தியோகத்தர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். நான் மாடிப்படியின் தலைப்பில் இருந்து, பிள்ளையின் தலையை மடியில் வைத்துப் பேன் வாரிக்கொண்டிருந்தேன். மொண்டிசோரி அவளுக்குக் கற்றுத்தந்தது ஒரு பாட்டு, கொடுத்தனுப்பியது பேன். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் போட்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன், தொழிற்பழக்கம். நிமிர்ந்தால் அவர் படியில் நிற்கிறார். வெயில் ஏறவில்லை, மழையும் இல்லை, ஆகவே கையில் குடையும் இல்லை. அவருக்குப் பின்னால் அக்கா மூச்சிரைக்க ஏறிவந்து, அவரை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் முன்னாலேயே என்னிடம் கேட்டார்.

"இது அவதானோ? குடையைக் காணேல்லையே."

"அவதான் அக்கா."

மடை திறந்தது. பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடமாட்டாள், எந்த நாளில் படுக்கையை நனைத்தாள், நான் எத்தனை தடவை பால் அடிப்பிடிக்க விட்டேன், கோயிலுக்குப் போகச் சோம்பல், எந்த எந்த மாப்பிள்ளைகளை என்ன என்ன காரணத்துக்காக வேண்டாம் என்றேன், எல்லாம் தமிழில் வந்தது. உத்தியோகத்தருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். என்னுடைய குறைகளை நானே வரிசையாகச் சிங்களத்தில் சொன்னேன். அடிப்பிடித்த பாலுக்குச் சொல் தெரியாமல் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினேன். இதற்கிடையில் நானாவும் வந்துவிட்டார். படியில் பாதியில் நின்றுகொண்டு, இந்தியாவுக்குப் போன மிஸ் திரும்பி வந்துவிட்டார் என்று சிங்களத்தில் அறிவித்தார். சட்டத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதினார். அலுமாரியைத் திறந்து பிள்ளையின் உடுப்புகளைப் பார்த்தார். ஒவ்வொரு தட்டிலும் சட்டை, உள்ளுடுப்பு, காலுறை என்று நான் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களை ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தன் முன்னால் கூப்பிட்டார்.

அவள் போய் நின்றாள். தலைமயிர் பாதி வாரி, பாதி கலைந்து. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். மொண்டிசோரியில் பாட்டுச் சொல்ல அப்படித்தான் நிற்பாள்.

உத்தியோகத்தர் என்னைக் காட்டினார். "மே கவுத?" இவர் யார்?

பிள்ளை என்னைப் பார்த்தாள். உத்தியோகத்தரைப் பார்த்தாள்.

"தன்னே நே," என்றாள்.

அச்சு அசல் அக்காவின் உச்சரிப்பு.

உத்தியோகத்தர் தமிழுக்கு மாறினார். "இது யாரு?" தெரியாது. "நீங்க எந்த வீட்டுல இருக்கிறது?" தெரியாது. "உங்கட பேர் என்ன, மகள்?" அதுவும் தெரியாது. ஒவ்வொரு பதிலையும் தெளிவாக, தயக்கமில்லாமல், பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். மத்தியானங்களில், நான் யாருடைய இரத்தத்தையோ எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே இந்தப் பாடம் நடந்திருக்கிறது. ஒரு சரியான பதிலுக்கு ஒரு பிஸ்கட். நாங்கள் குடை விதியை முடிவு செய்தபோது, பழைய விதியை நாலு வயதுக்கும் கற்றுக்கொடுத்திருந்தது அக்காவுக்கே நினைவில் வரவில்லை.

உத்தியோகத்தரின் பேனா நின்றுவிட்டது. அவளுடைய உடுப்புகளை எந்தப் பையில் வைப்பது, பெரிய பையா, சின்னப் பையா என்று யோசித்தேன். நான் அப்படிப்பட்டவள். வேறு எதையும் யோசிக்க எனக்குத் துணிவு இல்லை.

பிள்ளை தன் வேலை முடிந்தது என்று திரும்பி நேரே என்னிடம் வந்தாள். மடியில் ஏறினாள். என் காதைப் பிடித்து இழுத்து, இரகசியம் சொன்னாள். அவளுடைய இரகசியம் அடுத்த ஒழுங்கைவரை கேட்கும்.

"அம்மா, சரியா சொன்னேனா? அன்ரி பிஸ்கட் தருவாங்களா?"

உத்தியோகத்தருக்கு மொழிபெயர்க்கத் தேவை வரவில்லை. அம்மா என்பது சிங்களத்திலும் அம்மாதான். பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

கையில் இன்னமும் பேன் சீப்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யார் இதைப் பழக்கியது என்று உத்தியோகத்தர் கேட்டார். அக்கா எழுந்து முன்னால் வந்தார். தன் நெஞ்சில் கையை வைத்து, "மம," என்றார். நான். முப்பது வருடத்தில் அவர் பேசிய இரண்டாவது சிங்களம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு பிள்ளை. அந்தக் கடைசி வீட்டுப் பொடியன்ரை கதையைச் சொல்லு. அந்த மனுசன் தேத்தண்ணி குடுத்ததையும் சொல்லு."

சொன்னேன். என் சொற்கள் முடிந்த இடத்தில் நானா படியில் நின்று எடுத்துக்கொடுத்தார். உத்தியோகத்தர் எதையும் எழுதாமல் கேட்டார். கேட்டு முடிய ஃபைலை மூடினார்.

"தெற்கில் எங்கள் ஊரிலும் பையன்களை இப்படிக் கொண்டுபோன ஒரு காலம் இருந்தது. அப்போது எங்கள் பதிலும் இதுதான்," என்றார். எழுந்து போகும்போது பிள்ளையின் கலைந்த தலையைத் தொடப்போய், பேன் நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை, தன் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒன்றும் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். படியிறங்கிப் போனவரை நானா மறித்து ஒரு சோடா கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன்.

நீதிமன்றத்தில் அதிக நேரம் எடுக்கவில்லை. அக்கா கூறைச் சேலை உடுத்து வந்திருந்தார். நீதவானுக்கு யார் விண்ணப்பதாரி என்பதில் சிறிது குழப்பம் ஏற்பட்டது. அறிக்கையை வாசித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். பிள்ளையிடம் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று நானும் அக்காவும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தோம். கேட்கவில்லை. கட்டளை தந்தார்.

வெளியே வந்து படியில் நின்று பிள்ளை கேட்டாள். "அம்மா, இனி யாரு கேட்டாலும் சொல்லலாமா?"

"சொல்லலாம்," என்றேன். வழக்கமாக நான் எதற்கும் இப்படி அளவில்லாமல் அனுமதி கொடுப்பவள் அல்ல.

அக்காவோடு முச்சக்கரவண்டியில் திரும்பும்போது காலி வீதியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் அடையாள அட்டையைக் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. பிள்ளை என் மடியிலிருந்து வெளியே எட்டி, "மே அபே அம்மா," என்று அவருக்கு அறிவித்தாள். இது எங்கட அம்மா. சிப்பாய்க்கும் இருபது வயது இருந்தால் அதிகம். "ஹரி, ஹரி," சரி சரி, என்று அட்டையை வாசிக்காமலே திருப்பித் தந்தார். கேட்காமலே சொல்கிற பிள்ளையைப் பார்த்து அக்காவுக்கு வேர்த்துவிட்டது.

அதன் பிறகு அவள் ஒருவரையும் விடவில்லை. மீன்காரருக்குச் சொன்னாள். தண்ணீர் மீற்றர் வாசிக்க வந்தவருக்குச் சொன்னாள். தவணைப் பணம் வாங்க வந்த காப்புறுதிப் பெண்ணுக்கு, ஏற்கனவே எல்லாம் தெரிந்திருந்தும், மறுபடி சொன்னாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பிச் சொன்னாள். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் அவளைப் பக்கத்தில் இருத்தி, பிஸ்கட் டின்னைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தெரிந்த முகத்தைக் கண்டால் சொல்லலாம். முகம் தெரியாவிட்டால் சொல்லக்கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஓடிப்போய் எடுத்தாள். அண்ணனுக்கு எப்போதுமே உரத்த குரல், சமையலறைவரை கேட்டது. ஆர் கதைக்கிறது என்றார். தெரியாது என்றாள். அம்மா எங்கை என்றார். தெரியாது. நான் மாமா கதைக்கிறன், ரொறன்ரோவிலையிருந்து, என்றார்.

"தன்னே நே," என்று சொல்லி வைத்துவிட்டு வந்தாள்.

"யாரு?" என்று கேட்டேன்.

"தெரியாது," என்றாள்.

தோசையைப் புரட்டிப் போட்டு அவளுடைய தட்டில் வைத்தேன்.